காணாமற்போன பெண்களும் ஆவணப்படமும்: மூன்று படங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

தெற்காசியப் பெண்ணிய இயக்கங்களில் தன்பாலீர்ப்புடைய பெண்கள் ஆற்றிய பணி பெரிது. இயக்க வரலாறுகளில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ சிறிது. ஆவணப்படம் இக்குறையை எவ்வாறு எதிர்கொண்டுள்ளது என்பதை மூன்று படங்களின்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அவை பிரதிபா பர்மாரின் ‘குஷ்’ (1991), தேபலீனாவின் ‘ஏவங் பேவாரிஷ்’ (2013), ஸ்ரீதர் ரங்காயனின் ‘பர்ப்பிள் ஸ்கைஸ்’ (2014) என்பன. மூன்றனுள் ஒன்றும் தமிழ்ப் படம் அன்று. ஜொகூரில் தமிழ் பயிற்றுவிப்போர்க்கு இவற்றால் ஆவதென்ன என்னும் வினா எழுதல் இயல்பே. எம் நோக்கில், அவ்வினாவே இப்படங்களைக் காண்பதற்குரிய காரணமாகும்.

நைரோபியில் பிறந்து பிரித்தானியாவில் வளர்ந்த பர்மார், அந்நாட்டுச் ‘சேனல் 4’ தொலைக்காட்சிக்காக எடுத்த குறும்படம் ‘குஷ்’. மகிழ்ச்சி எனப் பொருள்படும் இச்சொல்லைத் தெற்காசியத் தன்பாலீர்ப்பினர் தம்மைக் குறிக்கவும் வழங்கினர். இந்தியா, பிரித்தானியா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் வாழ்வோரின் பேச்சுக்கிடையே கனவுக்காட்சிகள் வந்து செல்கின்றன. துயரத்தை முதலில் வைக்காத துணிவே இதன் சிறப்பு. ஆயினும், எந்த அமைப்பை யார், எப்போது, எத்தகைய இடர்களுக்கிடையே தொடங்கினார் என்பதைத் தேடுவோர்க்கு இப்படம் மிகுதியாக ஒன்றும் தருவதில்லை. அதே ஆண்டில் ‘எ பிளேஸ் ஆஃப் ரேஜ்’ என்னும் படத்தில் ஏஞ்சலா டேவிஸ், ஜூன் ஜோர்டன் ஆகியோரைக்கொண்டு கறுப்பினப் பெண்களின் போராட்ட வரலாற்றைப் பர்மார் விரிவாகப் பேசவைத்தார் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பேசப்பட வேண்டிய வரலாறு இந்தியாவிலும் இருந்தது. 1998 டிசம்பரில் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ திரையிடப்பட்ட அரங்குகள் தாக்கப்பட்டபோது, டில்லியின் ரீகல் திரையரங்கின் முன் பெண்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றனர். இந்தியராகவும் தன்பாலீர்ப்புடைய பெண்ணாகவும் ஒருசேர இருத்தல் இயலும் என்பதை அறிவித்த பதாகை அங்குதான் உயர்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து உருவான பரப்புரைக் குழு 1999இல் ஓர் அறிக்கையும் வெளியிட்டது. அப்படத்தைப் பற்றிய ஆய்வுகள் பல உள. பதாகை ஏந்தியோரைப் பற்றிய எழுத்து அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவே.

‘பர்ப்பிள் ஸ்கைஸ்’ இக்குறையை ஓரளவு நிறைவுசெய்கிறது. பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளையின் ஆதரவில் உருவான இப்படம், 2015இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் மீண்டும் நிலைநிறுத்தியிருந்த காலம் அது. 2018 செப்டம்பரில்தான் அப்பிரிவு தளர்த்தப்பட்டது. அரசுத் தொலைக்காட்சியில் இப்பெண்கள் முகம் காட்டிப் பேசியமை சிறு செயலன்று. எனினும் பலரையும் உள்ளடக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால், எவரிடத்தும் படம் நெடுநேரம் தங்குவதில்லை. ஒருவர் தம் வாழ்வின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கும்போதே காட்சி மாறிவிடுகிறது.

‘ஏவங் பேவாரிஷ்’ இதற்கு நேர்மாறானது. 2011இல் மேற்கு வங்கத்தின் நந்திகிராமப் பகுதியில் இரு இளம்பெண்கள் ஒருசேர உயிர்நீத்தனர். அவர்கள் விட்டுச்சென்ற கடிதம் கிடைத்தது. உடல்களைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தார் முன்வரவில்லை. உரிமை கோரப்படாத சடலங்களாகவே அவை எரியூட்டப்பட்டன. ‘பேவாரிஷ்’ என்பது உரியவர் அற்றது எனப் பொருள்படும். கொல்கத்தாவில் 1999இல் தோன்றிய ‘சாஃபோ’ குழுவின் வழிவந்த ‘சாஃபோ ஃபார் ஈக்குவாலிட்டி’ அமைப்புடன் இணைந்து உருவான இப்படம், அக்கடிதத்தைத் தன் அச்சாகக் கொள்கிறது. அதனோடு உயிருடன் இருப்போரின் பேச்சையும் இணைக்கிறது. இறந்தோர்க்கு உரியவர் யார் என்னும் வினா, இரத்த உறவினின்றும் விலகித் தோழமையை நோக்கி நகர்கிறது. மூன்றனுள் கலைநயத்தால் மேலானது இதுவே என்பது எம் துணிபு.

ஆனால் இங்கேயே நம் ஐயமும் தொடங்குகிறது. இறந்த பெண்ணை நினைவுகூர்தல் திரைக்கு எளிது. இருபது ஆண்டுகள் உதவித் தொலைபேசியின் அருகே அமர்ந்து அழைப்புகளுக்கு மறுமொழி சொன்னவளை நினைவுகூர்தல் கடினம். அவள் பணியில் காட்சிக்குரிய திருப்பம் ஒன்றும் இல்லை. கணக்கேடு, வாடகை அறை, இதழுக்கான மெய்ப்புத் திருத்தம் ஆகியவற்றால் ஆனது அவள் வாழ்வு. சாஃபோ ‘ஸ்வகண்டே’ என்னும் இதழை நடத்திவந்தமை போன்ற செய்திகளே இயக்கத்தின் எலும்புக்கூடு. பலியானவளாக மட்டும் காட்டப்படும் பெண், செயற்பட்டவளாக மறக்கப்படுகிறாள்.

இவ்விடத்தில் தமிழெழுத்தாளர் அம்பையை நினைத்தல் தகும். 1988இல் மும்பையில் அவர் பிறருடன் இணைந்து நிறுவிய ‘ஸ்பாரோ’ காப்பகம், பெண்களின் வாழ்வை ஒலியாகவும் ஒளிப்படமாகவும் திரட்டி வைக்கும் பணியை மேற்கொண்டது. படம் பின்னர் வரலாம். பதிவு முதலில் வேண்டும் என்பதை அப்பணி உணர்த்துகிறது. தமிழில் இதற்குரிய சொற்களும் அண்மையில்தான் நிலைபெறுகின்றன. ‘ஓரினச் சேர்க்கை’ என்பது செயலை மட்டும் சுட்டும். ‘தன்பாலீர்ப்பு’ மனத்தின் இயல்பைச் சுட்டும். மதுரையைச் சேர்ந்த இரு பெண்களின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் வழங்கிய ஆணையின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழக அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதற்காகச் சங்கப் பாடல்களின் தலைவி–தோழி உறவை வலிந்து இப்பொருளில் காணுதல் எமக்கு உடன்பாடன்று. சான்று தேடும் உழைப்பிற்கு அது மாற்றாகாது.

மலேசியச் சூழல் வேறு. போ சி தெங் எடுத்த ‘பெச்சா லோபாங்’ (2008) கோலாலம்பூரின் திருநங்கையரைப் பற்றிய துணிவான ஆவணப்படம். பெண்களை விரும்பும் பெண்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. மேலும் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ், ஒப்புதல் பெறாத படத்தைத் திரையிடுவதே குற்றம். ஈழப்போர் பற்றிய ‘நோ ஃபயர் ஸோன்’ படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டமைக்காக ஏற்பாட்டாளர் ஒருவர் வழக்கை எதிர்கொண்டு, 2017இல் பத்தாயிரம் ரிங்கிட் தண்டம் விதிக்கப்பெற்றதைத் தமிழர் அறிவர்.

ஜொகூரில் இடர் இன்னும் நுட்பமானது. சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் ஒரே லயத்தில் வளர்ந்தோர் இன்று ஜொகூர் பாருவின் தாமான்களில் பரவி வாழ்கின்றனர். எனினும் ஒருவரையொருவர் அறிவர். திரையில் முகத்தை மங்கலாக்கினால் பெருநகரத்துப் பெண் மறைந்துவிடலாம். தோட்டத்துப் பெண்ணைப் பேச்சின் இழுப்பும், பள்ளியின் பெயரும், தந்தை செய்த வேலையும் காட்டிக்கொடுத்துவிடும். எனவே இங்குப் பணி தொடங்குவோர் படக்கருவியை அல்லாமல் ஒலிப்பதிவுக் கருவியையே முதலில் எடுத்துச்செல்ல நேரும். பேசுபவர் வாழும்வரை அப்பதிவைத் திறப்பதில்லை என்னும் எழுத்துறுதியும் உடன் வேண்டும். அத்தகைய பதிவை எந்த நூலகம், எந்த விதியின்கீழ் ஏற்றுக்காக்கும் என்பதைப் பல்கலைக்கழகத் துறைகள் இப்போதே முடிவுசெய்தல் வேண்டும். தோட்டங்களின் முதுபெண்களுள் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர்.