உடன் வாழ்தலும் உடன் மரித்தலும்: இரு ஜப்பானியத் தொடர்களைக் குறித்த திறனாய்வு

கணினி விளையாட்டொன்றினுள் மாந்தர் சிறைப்பட்டு வாழ்வதைச் சித்திரிக்கும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்கள் இருபதாண்டுகளுக்கும் மேலாக இளைஞரைக் கவர்ந்து வருகின்றன. அனிமே என வழங்கும் இக்கலையில் 2002இல் வெளிவந்த 'டாட் ஹேக் சைன்' இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று. இவற்றை உலகைவிட்டு ஓடும் மனப்போக்கின் விளைவு எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் இவற்றுள் சிறந்தவை மரணத்தைப் பற்றியே பேசுகின்றன. ஒரே இடத்தில் வாழ்வோருள் ஒரு சாரார் சாவுக்கு உட்பட்டும் மறு சாரார் உட்படாமலும் இருப்பின், அவர்களிடையே உண்மையான உறவு கூடுமா? இவ்வினாவை இரு தொடர்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

1. மறைந்து வாழும் படைப்பாளன்

கவஹாரா ரெக்கியின் நாவல்களைத் தழுவி 2012இல் இத்தோ தொமோஹிக்கோ இயக்கிய 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' பரவலாக அறியப்பட்டது. நூறு அடுக்குகளைக் கொண்ட மிதக்கும் கோட்டையொன்றில் பதினாயிரம் பேர் சிறைப்படுகின்றனர். விளையாட்டில் இறப்பவரின் மூளையைத் தலைக்கவசம் அழித்துவிடும். இறுதி அடுக்கை வென்றாலன்றி விடுதலை இல்லை. ஈராண்டுகளில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் மடிகின்றனர்.

இத்தொடரின் கூர்மையான கட்டம் எழுபத்தைந்தாம் அடுக்கில் நிகழ்கிறது. அனைவரும் மதிக்கும் படைத்தலைவனின் உயிர்க்கோடு எந்தப் போரிலும் பாதிக்குக் கீழே இறங்கியதில்லை என்பதைக் கிரித்தோ என்னும் இளைஞன் கவனிக்கிறான்; அவனைத் திடீரெனத் தாக்குகிறான். அழிக்கவியலாதவன் என்ற அறிவிப்பு தோன்றுகிறது. அத்தலைவனே விளையாட்டைப் படைத்த கயாபா. அவன் அவர்களோடு உண்டான், போரிட்டான், இறந்தோரை எண்ணித் துக்கங்கொண்டவன்போல் காணப்பட்டான். அவர்களது சாவு மட்டும் அவனுக்கு இல்லை.

கிறிஸ்து மாம்சத்தில் தோன்றினாரேயன்றி உண்மையாகப் பாடுபடவில்லை என்ற டோசெட்டியப் போதனையை ஆதித் திருச்சபை ஏன் அவ்வளவு உறுதியாக மறுத்தது என்பதை நம் மாணவர்கள் பல வேளைகளில் நூலறிவாக மட்டுமே கற்கின்றனர். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமிர்னா சபைக்கு எழுதிய இக்னேஷியஸின் கவலையும் இதுவே. பாடுபடவியலாத ஒருவன் பாடுபடுவோர் நடுவே வாழ்ந்தால் அவ்வுடனிருப்பு ஆறுதலன்று, வஞ்சனை என்பதை இக்காட்சி கண்முன் நிறுத்துகிறது.

வருந்தத்தக்கது யாதெனில், தொடர் தான் கண்டதைத் தானே கைவிடுகிறது. கயாபா தன் அழியாமையை நீக்கி ஒற்றைப் போருக்கு அழைக்கிறான். அசையவியலாது கிடந்த அசுனா எழுந்து கிரித்தோவுக்கு விழவிருந்த வெட்டைத் தான் ஏற்று மடிகிறாள். படைத்தவன் செய்யாததைச் சிறைப்பட்ட பெண் செய்கிறாள்! ஆனால் அடுத்த கணங்களில் இருவரும் பிழைத்ததாகக் கதை திரும்புகிறது. கயாபாவோ சிறுவயதுக் கனவான வான்கோட்டையைப் பற்றி அமைதியாகப் பேசி விடைபெறுகிறான். நாலாயிரம் பேரின் இரத்தத்தைக் குறித்து எவரும் அவனிடம் கணக்குக் கேட்பதில்லை. மேதைமையின் மீதுள்ள வியப்பு நீதியை விழுங்கிவிட்டது.

2. சாகாதவரும் சாகிறவரும்

தோனோ மமாரேயின் 'லாக் ஹொரைசன்' 2013இல் ஜப்பானின் என்.எச்.கே. கல்வித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இங்கு நிலைமை தலைகீழ். சிக்குண்ட முப்பதாயிரம் ஜப்பானிய விளையாட்டினர் இறந்தாலும் நகரப் பேராலயத்தில் மீண்டும் கண்விழிக்கின்றனர். ஆனால் ஒவ்வொரு சாவிலும் நினைவின் ஒரு துணுக்கு தொலைந்துபோகிறது. அவர்கள் மீட்கப்படுகின்றனரேயன்றிப் புதிதாக்கப்படுவதில்லை. உயிர்மீட்சி வேறு, உயிர்த்தெழுதல் வேறு என்று போதிப்போர் இவ்வேறுபாட்டை உற்றுநோக்க வேண்டும்.

அவ்வுலகின் குடிகளோ 'நிலத்தின் மக்கள்'. முன்னர் விளையாட்டின் வெறும் பொம்மைகளாக இருந்த இவர்கள், இப்போது பெயரும் ஊரும் நினைவும் உடைய மாந்தராக நிற்கின்றனர், இறந்தால் திரும்பார். விளையாட்டினர் தம் துயரில் மூழ்கித் தமக்குரிய பணியைக் கைவிட்டமையால் கோப்லின் சேனை பெருகி இவர்களது ஊர்களை நெருங்குகிறது. சாகாதவர் போய்ப் போரிடட்டும் என்கின்றனர் பிரபுக்கள். அப்போது லெனேசியா என்னும் இளவரசி அகிஹபாரா நகருக்குச் சென்று, உதவும்படி கட்டளையிடாமல் வேண்டிக்கொள்கிறாள். தானும் போர்முனைக்கு வருவதாக அறிவிக்கிறாள். இழப்பதற்கு ஒரே உயிருடையவள் முன்வந்தபின்னரே பல உயிருடையோர் எழுகின்றனர். இத்தொடரின் உயர்ந்த கட்டம் இதுவே என்பது என் கணிப்பு.

இதற்கும் ஒரு குறை உண்டு. தன் பிறப்பை மறைத்து விளையாட்டினரோடு சேர்ந்த ருண்டல்ஹவுஸ் என்னும் இளைஞன் போரில் மடிகிறான். நாயகன் ஷிரோயே ஓர் ஒப்பந்த மந்திரத்தால் அவனையும் சாகாதவனாக்கி மீட்கிறான். காட்சி கண்ணீரை வரவழைக்கிறது. ஆயினும் நண்பன் ஒருவன் மேலே தூக்கப்பட்டதனால் கீழே நிற்கும் ஆயிரமாயிரம் பேரின் நிலை மாறவில்லை. இடைச்சுவர் இடிக்கப்படவில்லை, அதில் ஒருவனுக்கு மட்டும் வாசல் திறக்கப்பட்டது. தயவு என்பது தெரிந்தவருக்குக் காட்டும் சலுகையா என்ற வினாவைத் தொடர் இக்கட்டத்தில் எழுப்பியிருக்கலாம், எழுப்பவில்லை.

3. முடிவுரை

முதல் தொடர் உணர்ச்சியில் வலியது, நியாயத்தீர்ப்பில் மெலியது. இரண்டாவது நடையில் மெதுவானது. பேச்சும் ஆலோசனையும் மிகுதி. எனினும் அயலான் யார் என்ற கேள்வியை அது விடாது பற்றிக்கொள்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்வதாயின் 'லாக் ஹொரைசன்' முதற்பருவத்தின் 25 பகுதிகளையே பரிந்துரைப்பேன்.

இளைஞரோடு அமர்ந்து அதைப் பார்க்கும் போதகர், அவர்கள் எப்படித் தப்புவார்கள் என்று கேட்பதை விட்டு, யாருடைய ஆபத்தில் யார் பங்குகொள்கிறார் என்று கேட்பாராக. நோயுற்றோரையும் கடன்பட்டோரையும் வேலையிழந்தோரையும் சந்தித்து, ஜெபித்து, பாதுகாப்பான நம் இல்லங்களுக்குத் திரும்பும் நாம், அக்கேள்வியை இளைஞர் நம்மிடமே திருப்பிக் கேட்கும் நாளுக்கும் ஆயத்தமாயிருத்தல் நலம்.