சிரிப்பில் கரையாத திருமணம்

சின்னத்திரையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெடுங்காலம் நிலைத்த தொடர்களையே நினைவுகூர்கின்றனர். ஓராண்டும் நிறைவுறாமல் மறைந்தவை பட்டியலில் ஒரு வரியாக ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும் ஒரு சமுதாயம் எதைக் கண்டு சிரிக்கத் துணிந்தது, அச்சிரிப்பு எங்கே தொண்டையில் சிக்கியது என்பதை அறிய மறைந்த தொடர்களே நல்ல சான்றுகள். அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனம் 1972 செப்டம்பர் 16 முதல் 1973 மார்ச் 3 வரை ஒளிபரப்பிய ‘பிரிட்ஜெட் லவ்ஸ் பெர்னி’ என்னும் நகைச்சுவைத் தொடர் அத்தகையது. அதன் வாழ்நாள் 24 அத்தியாயங்களே. கத்தோலிக்கப் பெண் ஒருத்தி யூத இளைஞன் ஒருவனை மணந்து வாழ்வதே அதன் கதைப்பொருள் ஆதலின், அதனை ஈண்டு மீண்டும் நோக்குவது நமக்குப் பயனுடையது.

பிரிட்ஜெட், செல்வம் மிக்க ஐரிஷ் வழிக் குடும்பத்தில் பிறந்த பள்ளி ஆசிரியை. அவளுடைய உடன்பிறந்தவர் ஒரு குரு. பெர்னியோ எழுத்தாளனாக விரும்பி, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். அவன் பெற்றோர் நியூயார்க்கில் சிறு உணவுக்கடை நடத்துகின்றனர். அக்கடைக்கு மேலுள்ள வீட்டில்தான் மணமக்கள் குடியிருக்கின்றனர். இவ்வமைப்பை உருவாக்கியவர் பெர்னார்ட் ஸ்லேட். சனிக்கிழமை இரவில், புகழ்பெற்ற இரு தொடர்களுக்கு நடுவே இதற்கு இடம் கிடைத்தது. அவ்வாண்டில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளுள் இது ஐந்தாம் இடத்தையும் எட்டியது. இருந்தும் ஒரே பருவத்தில் நிறுத்தப்பட்டது.

காரணம் பலரும் அறிந்ததே. யூத சமயத்தின் வெவ்வேறு பிரிவுகளைச் சார்ந்த ரபிகள், வழக்கமாக ஒன்றுபடாதவர்கள்கூட, இத்தொடருக்கு எதிராக ஒன்றுபட்டனர். கலப்புத் திருமணத்தை இது விரும்பத்தக்க விளையாட்டாகக் காட்டுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. முன்னே ஓடிய தொடரின் பார்வையாளர்களை இது தக்கவைக்கவில்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. எதிர்ப்புக்குப் பணிந்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். இதே வகைக் கதை அமெரிக்க மேடைக்குப் புதியதன்று. யூத இளைஞனும் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணும் மணந்துகொள்ளும் ‘ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்’ என்னும் நாடகம் 1922-இல் அரங்கேறி, 2,300 முறைக்கு மேல் நடிக்கப்பட்டது. இரட்டைக் குழந்தைகளின் பிறப்பில் இரு குடும்பங்களும் இணங்கிப்போவதாக அது முடியும். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அதே நகைச்சுவை ஏன் கசந்தது? அவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் நாசிகளால் கொல்லப்பட்டிருந்தனர். எஞ்சிய ஒரு சிறு மக்களுக்கு, அடுத்த தலைமுறை யாருடைய வழிபாட்டைத் தொடரும் என்பது சாப்பாட்டு மேசையில் பேசிச் சிரித்துக் கலையும் செய்தியாக இருக்க இயலுமா? அவர்களுடைய சினத்தின் அடியில் துயரம் இருந்தது என்பதை உணராமல் அத்தொடரை மதிப்பிடுவது நேர்மையாகாது.

நம் மதிப்பீட்டில், தொடரின் குறை அது சிரித்தது அன்று. எதைக் குறித்துச் சிரிக்கிறோம் என்று அறியாமல் சிரித்ததே. சமய வேறுபாட்டை அது உணவு, பேச்சு, உறவினர் பழக்கம், செல்வநிலை ஆகியவற்றின் வேறுபாடாகச் சுருக்கிற்று. வாரந்தோறும் பிணக்கு எழுந்தது. அரைமணி நேரத்தில் தணிந்தது. இதற்கு ஈராண்டுகளுக்கு முன்தான், 1970-இல், திருத்தந்தை ஆறாம் பவுல் கலப்புத் திருமணம் பற்றிய புதிய விதிகளை வெளியிட்டிருந்தார். பிற சமயத் துணைவரிடம் வாக்குறுதி கேட்கும் பழைய முறை அதனால் நீங்கிற்று. பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்துக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதையெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் துணைவர் மட்டும் உறுதிகூற வேண்டும். மற்றவருக்கு அதனைத் தெரிவித்தல் வேண்டும். பிரிட்ஜெட் அவ்வுறுதியைச் சொல்லும் நாளில் பெர்னியின் தாய் அருகில் அமர்ந்திருந்தால்? அக்காட்சியில் சிரிப்புக்கும் இடமுண்டு, கண்ணீருக்கும் இடமுண்டு. நல்ல நகைச்சுவை இரண்டையும் தாங்கும். குடும்பத்தில் ஒரு குருவை வைத்திருந்தும், அத்தொடர் இக்கேள்விக்கு உரிய எடையைத் தரவில்லை.

ஆயினும் அதனை நிறுத்தியதால் விளைந்த நன்மை யாது? திரையில் அவ்வில்லறம் முடிந்தது. அமெரிக்க ஊர்களில் அத்தகைய திருமணங்கள் பெருகவே செய்தன. அவற்றைப் பற்றிப் பேச இருந்த எளியதோர் இடம் மட்டும் மூடப்பட்டது.

யூதர்க்கும் நமக்கும் பொதுவான மறைநூலில் இருவேறு குரல்கள் ஒலிக்கின்றன. பிற இனத்து மனைவியரை அனுப்பிவிட எஸ்ராவின் காலத்து மக்கள் உடன்படுகின்றனர். மோவாபியப் பெண்ணான ரூத்தோ தன் மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மறுத்து, தாவீதின் முன்னோருள் ஒருத்தியாகிறாள். மறைநூல் ஒரு குரலுக்காக மற்றதை அழித்துவிடவில்லை. மக்களினம் கரைந்துபோகுமோ என்னும் அச்சமும், அயலாளின் அன்பில் இறைவன் செயலாற்றுகிறார் என்னும் வியப்பும் அதில் அருகருகே நிற்கின்றன.

நம் பங்குகளிலும் இந்து, இஸ்லாமியத் துணைவரோடு வாழும் பிள்ளைகள் உளர். மணநாளில் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்து மகிழ்கிறோம். அல்லது படலையைச் சாத்திக்கொள்கிறோம். முதற்குழந்தை பிறந்தபின் திருமுழுக்குப் பற்றிய பேச்சு எழும்போது, அவ்விருவரும் தனித்து விடப்படுகின்றனர். அந்த மாலையில் அவர்கள் வீட்டுக்குச் சென்று, இரு பக்கத்துப் பெற்றோரையும் கேட்டு, அவர்களோடு அமர்ந்திருக்க நம்மில் யார் முன்வருவோம்?