தன்னைக் கேட்பதா, ஊரைக் கேட்பதா?

சாரல் பிடித்திருந்த ஒரு மத்தியானம், தென்காசியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் லேப்டாப்போடு எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தான். அவன் வீட்டில் கரண்ட் இல்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆன்லைன் தேர்வு. கணக்கும் இங்கிலீஷும் முடிந்து கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. இதில் சரி, தவறு கிடையாது, மனசில் பட்டதை அழுத்தலாம் என்று மேலே போட்டிருந்தார்கள்.

"மாமா, பார்ட்டியில எல்லாரும் என்னையே கவனிக்கணும்னு நெனைப்பேனான்னு கேக்கான். என்ன போட?"

"எந்தக் கட்சிலே?" என்றார் உள்ளேயிருந்து அப்பா.

சிரித்துக்கொண்டே 'ஓரளவு ஆம்' என்று அழுத்தினான். அப்படிப் போட்டால்தான் எடுப்பார்கள் என்று சீனியர் அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்கிறானாம். அடுத்த கேள்வி: புதியவர்களிடம் பேசத் தயங்குவாயா? சீசன் முழுக்க ஐந்தருவிப் பாதையில் அவன் அப்பா போடும் பழக்கடையில் நின்று, போகிற வருகிறவரையெல்லாம் ரம்புட்டான் வாங்கக் கூப்பிடுகிறவன் அவன். ஆனாலும் யோசித்தான். "இங்கிலீஷ்லயா, தமிழ்லயா மாமா?" என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்விக்கு ஸ்கிரீனில் இடமில்லை.

இதே வயதுப் பையன் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வேலை தேடினால் அவன் கையில் வேறொரு காகிதம் இருக்கும். கிராம அலுவலர் கொடுக்கும் வதிவிட, நற்சான்றிதழ். விண்ணப்பதாரியை எவ்வளவு காலமாகத் தெரியும், நீதிமன்றம் தண்டித்திருக்கிறதா, பொதுப்பணிகளில் ஈடுபாடு உண்டா, குணநலம் எப்படி என்று அதில் வரிசையாகக் கேள்விகள் உண்டு. கிராம அலுவலர் எழுத, பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். சுயவிவரக் கோவையின் அடியிலோ உறவினரல்லாத இருவரின் பெயர் வேண்டும். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் பள்ளிக்கூட அதிபராக இருப்பார்.

ஆக, இந்தியாவில் வேலை கேட்டு வந்தவனிடமே 'நீ எப்படிப்பட்டவன்' என்று கேட்கிறார்கள். இலங்கையில் ஊரிடம் 'இவன் எப்படிப்பட்டவன்' என்று கேட்கிறார்கள்.

இதில் விதிவிலக்குகள் உண்டு. நம் மாற்றுச் சான்றிதழிலும் மாணவரின் நடத்தைக்கு ஒரு வரி இருக்கிறது, எல்லாருக்கும் 'நன்று'தான். கொழும்பின் பெரிய நிறுவனங்கள் முகாமைத்துவப் பயிலுநரைச் சேர்க்கும்போது உலகம் முழுக்கப் புழங்கும் அதே வினாத்தாள்களைத்தான் நீட்டுகின்றன. ஆனாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

இந்தியாவின் சாய்வுக்குக் காரணம் கூட்டம். ஒரு கேம்பஸ் தேர்வுக்கு வரும் ஆயிரம் பேரையும் உட்கார வைத்துப் பேச எந்த ஹெச்.ஆருக்கும் நேரமில்லை. அந்த இடத்தில்தான் தேர்வு விற்கும் கம்பெனிகள் வளர்ந்தன. ஆம்கேட் தேர்வை நடத்திய ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் 2008இல் தொடங்கி, 2019இல் எஸ்.ஹெச்.எல். கைக்குப் போனது. மெட்டில் என்ற இன்னொரு கம்பெனி 2018இல் மெர்சர் வசமானது. அரசும் 'ஆளுமை' என்ற சொல்லை விடவில்லை. யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணி நேர்காணலின் அதிகாரப்பூர்வப் பெயரே ஆளுமைத் தேர்வுதான். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் அதற்கு 275.

இலங்கையில் ஊர் சின்னது. இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாமவருக்குத் தெரிந்திருக்கும். சட்டமும் ஆளைத் தெரிந்து எடுக்கத் தூண்டுகிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 180 நாள் கடந்த ஊழியரை ஒழுங்கு நடவடிக்கை தவிர்ந்த காரணத்துக்காக நிறுத்துவதென்றால், அவர் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். தவறான ஆளை எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

இரண்டு வழியிலும் ஓட்டை உண்டு. தன்னைப் பற்றித் தானே சொல்வதில், வேலை வேண்டுமென்கிறவன் கம்பெனிக்குப் பிடித்ததைத்தான் சொல்வான். ஊரைக் கேட்பதில், ஊர் இல்லாதவன் மாட்டிக்கொள்கிறான். போரில் நாலு தடவை இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பத்துப் பிள்ளையையோ, தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து கொழும்புக்கு வந்த மலையகத்துப் பெண்ணையோ 'பல வருடமாகத் தெரியும்' என்று எழுத எந்தக் கிராம அலுவலர் இருக்கிறார்? அதிபரைத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தக் கடிதம் சுலபம்.

அளந்து பார்த்தவர்களும் அடக்கித்தான் பேசுகிறார்கள். உளவியலார் பெரும்பாலும் ஏற்கும் ஐந்து குணக்கூறுகளில் பொறுப்புணர்வு ஒன்றுதான் எல்லா வகை வேலையிலும் வேலைத்திறனோடு விடாமல் ஒட்டி வருகிறது என்று பேரிக்கும் மவுண்டும் 1991இல் காட்டினார்கள். அந்த ஒட்டுதலும் மெல்லியது. பால் சாக்கெட் குழு 2022இல் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, முழுப் பொருத்தம் 1 என்றால் பொறுப்புணர்வுக்கு 0.19 கிடைத்தது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலுக்கு 0.42. ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளை, ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை விற்கும் கம்பெனியே சொல்கிறது.

இந்திய ராணுவத்தின் அதிகாரித் தேர்வைப் பாருங்கள். அங்கே 60 சொற்கள், சொல்லுக்கு 15 நொடி. பிறகு 60 சிக்கல்கள், அரை மணி நேரம். காகிதத் தேர்வு அங்கும் உண்டு. அதோடு விடுவதில்லை. கட்டையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்லி, ஐந்து நாள் கூடவே வைத்துப் பார்க்கிறார்கள். உளவியலாளர், களத்தில் பார்த்தவர், நேர்காணல் செய்தவர் மூவரும் பேசித்தான் முடிவு.

குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. சீசனுக்கு ஆள் வேண்டுமென்றால் "ரெண்டு நாள் நில்லு, பாப்போம்" என்பதுதான் பேச்சு. எங்கள் தெருப் பையனின் அப்பா பார்ப்பது ஒரே விஷயம். மங்குஸ்தான் தோடு கல்லாக இறுகிவிட்டால் உள்ளே பழம் கெட்டது என்று அர்த்தம். வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. புது ஆள் அதைப் பொறுக்கி ஒதுக்குகிறானா, பையின் அடியில் போட்டு மேலே நல்லதை அடுக்குகிறானா? இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

எங்கள் ஊருக்குத் தெற்கே மத்தளம்பாறையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். 2011இல் தென்காசிக்கு வந்த மென்பொருள் நிறுவனம் ஸோஹோ, தன் பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைப் பட்டம் கேட்காமல் சேர்க்கிறது. கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இரண்டு வருடப் படிப்பில் பிள்ளை கோட் எழுதுவதும் தெரியும், தப்பு வந்தால் யாரைக் காட்டுகிறான் என்பதும் தெரியும்.

அப்படியானால் வினாத்தாளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம், இடம் மாற்றினால் போதும். ஆளை எடுத்த பிறகு, முதல் வாரத்தில், புதியவரும் அவருடைய மேலாளரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பட்டும். நாலு பேர் முன்னால் குறை சொன்னால் சுருங்கிவிடுவாரா, எழுதிக் கொடுத்தால் பிடிக்குமா, வாயால் சொன்னால் போதுமா என்று பேச்சைத் தொடங்க அது உதவும். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாதபோதுதான் உண்மையான பதில் வரும். அதுவும் தமிழில் இருந்தால், பார்ட்டி எது, கட்சி எது என்ற குழப்பமும் இராது.

வேலைக்குச் சேர்ந்தவருக்கு இரண்டு நாடும் ஒரு பருவம் வைத்திருக்கின்றன. நம் அரசாணையில் அது தகுதிகாண் பருவம், அவர்கள் நியமனக் கடிதத்தில் தகுதிகாண் காலம். இரண்டு இடத்திலும் சம்பளம் கூடும் நாளை எண்ணுவதோடு அது முடிந்துபோகிறது. அந்த நாட்களில் உட்கார்ந்து காண்பதற்கென்று ஒருவரை நியமித்தால், திண்ணையில் பையன் திணறிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.