அடுத்த வீட்டுச் சிரிப்பு

நான் குடியிருக்கும் பேட்டைக்கு அஸ்தினாபுரம் என்று பெயர். குரோம்பேட்டையை ஒட்டியது; 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடக்கம். இந்தப் பெயரைத் தினமும் பஸ்ஸில் கேட்கிற பாவத்தினாலோ என்னவோ, துரியோதனன் வழுக்கி விழுந்த கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. விழுந்தது அஸ்தினாபுரத்தில் அல்ல, இந்திரப்பிரஸ்தத்தில். தரையைத் தண்ணீர் என்று எண்ணி வஸ்திரத்தைத் தூக்கிப் பிடித்தான். தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். சித்தப்பன் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவன் ஊருக்குச் சுமந்து வந்தான். தூர தேசத்தான் எவனாவது சிரித்திருந்தால் மறுநாளே மறந்திருப்பான்.

பங்காளியின் கேலிக்குத்தான் கூர்மை அதிகம். கிறிஸ்டி டேவிஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர் 1990-ல் ஒரு தடித்த புஸ்தகம் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். ஆங்கிலேயன் ஐரிஷ்காரனையும், பிரெஞ்சுக்காரன் பெல்ஜியக்காரனையும் முட்டாளாக்கிக் கதை சொல்கிறான். முன்பின் தெரியாத ஜனங்களைப் பற்றி இப்படிக் கதை பிறப்பதில்லை. நம்மைப் போலவே இருந்து, ஓரத்தில் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறவர்களைப் பற்றியே பிறக்கிறது என்பது அவர் முடிவு. முட்டாள் கதைக்கு எதிர்ப்புறத்தில் கெட்டிக்காரக் கஞ்சனின் கதை இருக்கிறது என்றும் சொல்கிறார். அதற்கு உதாரணம் ஸ்காட்லாந்துக்காரன்.

நமக்கு ஸ்காட்லாந்து வேண்டாம். நாயர் இருக்கிறார். 1953-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தபோது அங்கே ஒரு நாயர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். 1969-ல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்கியபோது அங்கேயும் கடை போட்டிருந்தார். இந்தக் கதையை மலையாளிகளே சொல்லிச் சிரிக்கக் கேட்டிருக்கிறேன். சிரிக்கலாம்; கதையில் தோற்றவர்கள் ஹில்லாரியும் ஆம்ஸ்ட்ராங்கும்தான். அவர்கள் நம்மைப் 'பாண்டி' என்பதில் இந்தப் பெருந்தன்மை இல்லை. பாண்டி நாட்டான் என்ற கௌரவமான சொல், மலையைத் தாண்டியதும் பட்டிக்காட்டான் என்று அர்த்தம் மாறிவிட்டது.

பாஷையும் இதற்கு உடந்தை. முழுக்கப் புரியாத பாஷையைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. முக்கால்வாசி புரிந்து, கால்வாசியில் இடறுகிறபோதுதான் சிரிப்பு வருகிறது. மலையாளி 'வெள்ளம்' கேட்டால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். நமக்கு ஆறு கரை புரள்கிறது. நம்முடைய உசிலம்பட்டியும் கோவில்பட்டியும் அவர் காதில் நாயாகக் குரைக்கின்றன, 'பட்டி' என்றால் அங்கே நாய் என்பதால். துரியோதனனின் தரையும் தண்ணீரும் இதுதான்.

ஆகவே சர்தார்ஜி கதையை நம் பத்திரிகைகள் துணுக்குப் பக்கத்தில் போட்டபோது எனக்கு அது இறக்குமதிச் சரக்காகவே பட்டது. சர்தார்ஜி நமக்கு அடுத்த வீட்டுக்காரர் அல்ல. அவர் பாஷையில் நாம் இடறியதில்லை. வெறும் மூடன் என்ற சட்டையை அவருக்கு மாட்டிவிட்டோம். வீரமாமுனிவர் பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்துவிட்டு, எண்ணுகிறவன் தன்னை விட்டு எண்ணி, ஒருவனைக் காணோம் என்று அழுததாக எழுதினார். இங்கிலாந்தில் கோதம் என்ற ஊரார்மேல் இதே கணக்கைச் சொல்வார்கள். நம் குருவுக்கு இன்ன தேசத்தான் என்ற முத்திரை இல்லை. மடமைக்குத்தான் அங்கே சிரிப்பு. சர்தார்ஜி துணுக்குகளுக்குத் தடை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். குடிமக்களுக்கு ஒழுக்க விதி வகுக்க முடியாது என்று 2017-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1984 நவம்பரில் டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. சிரிப்பு கொலை செய்யாது என்று டேவிஸ் வாதிப்பார். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். இருந்தாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு பன்னிரண்டு மணித் துணுக்கை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

நாம் சிரிக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். 1968-ல் வந்த 'படோசன்' ஹிந்திப் படத்தில் மெஹ்மூத் மதராஸி சங்கீத வாத்தியாராக வருகிறார். குடுமி, நாமம், விபரீத உச்சரிப்பு. அந்த வேஷத்தைவிட என்னை உறுத்தியது கதையின் நியாயம். போட்டியாளர் இருவரில் பாட்டுத் தெரிந்தவர் இவர்தான். பாடத் தெரியாத கதாநாயகன் இரவல் குரலுக்கு வாயசைத்து இவரை ஜெயிக்கிறான். வித்தை உள்ளவன் வெளியூரான் என்றால், அவன் தோற்றால்தான் தியேட்டர் சிரிக்கிறது. நான் நன்றாகவே சிரித்தேன். அது வேறு விஷயம்.

இத்தனையும் பேசுகிற நான் யோக்கியனா? முதல் நாவலில் ஒரு டீக்கடை நாயரை வைத்தேன். மூக்கால் பேசுவார், கணக்கில் கில்லாடி, மூன்று அத்தியாயங்களுக்கு ஒரு தரம் வந்து வாசகர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். நாவலில் உயிருள்ள பாத்திரம் அதுதான் என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள். எங்கள் தெருவில் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி ஒருவர் இருக்கிறார். அவர் நாவலை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்:

"சார், எல்லோருக்கும் பேர் வைத்திருக்கிறீர்கள். அந்த நாயருக்குப் பேர் என்ன?"

அவர் பேசிய தமிழை அந்த ஓசையோடு எழுத என் பேனா இன்னமும் துடிக்கிறது. எழுதவில்லை. பதிலும் சொல்லவில்லை, பெயர் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

ஆ. மாதவனைப் பிறகுதான் ஊன்றிப் படித்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர். அவர் தமிழில் மலையாளம் தாராளமாகக் கலந்திருக்கும்; ஆனால் உச்சரிப்பைக் காட்டி அவர் யாரையும் கோமாளியாக்குவதில்லை. இரண்டு பாஷைக்காரர்களும் ஒரே தெருவில் பசியோடும் கடனோடும் நடமாடுகிறார்கள். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' இன்னொரு விதம். அங்கே தமிழ்ப் பையன் நிஜாமின் ராஜ்யத்தில் வந்தேறி. அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்து அவனால் சௌகரியமாகச் சிரிக்க முடியாது, தன்னையே ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹாஸ்யம் இரண்டிலும் உண்டு. என் நாயரிடம் இருந்தது ஹாஸ்யம் அல்ல, வெறும் ஒட்டு மீசை என்பது அப்போது புரிந்தது.

மறுபதிப்பு வந்தபோது நாயருக்குக் குஞ்ஞிராமன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் அவருக்கு ஊர் வேண்டியிருந்தது, ஊரில் ஒரு தாயார் வேண்டியிருந்தது. அத்தியாயம் நீண்டு, சிரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. புஸ்தகத்தை அண்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார். "நாயர் நன்றாக இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்தபடியே ஒரு பாண்டிக் கதை சொன்னார். கொஞ்சம் மோசமான கதைதான். நான் ஒரு விநாடி தாமதித்துச் சிரித்தேன். அந்த ஒரு விநாடியை அவர் கவனித்துவிட்டார்.