குரல் யாருடையது? சிகாகோவின் ஒரு பேச்சு வானொலி குறித்து

வானொலி நிலையங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடல்களின் நினைவில் மயங்கிவிடுகின்றனர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பின மக்களுக்காக ஒலித்த டபிள்யூ.வி.ஓ.என். என்னும் மத்திய அலை நிலையத்தைப் பற்றிய எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. 1963 முதல் 1975 வரையிலான இசைக் காலத்தைப் பொற்காலமாகப் போற்றிவிட்டு, பாட்டு நின்று பேச்சு எஞ்சிய பிற்காலத்தை ஒரு பின்னிணைப்பைப் போல் முடித்துவிடுகின்றனர். நமது கருத்து இதற்கு நேர்மாறானது. அந்நிலையத்தின் உண்மையான வரலாறு பேச்சின் வரலாறே. அதிலும், பேசும் குரல் எவருடைய உடைமையாக இருந்தது என்பதன் வரலாறே.

1963-இல் லெனார்ட் செஸ், ஃபில் செஸ் என்னும் சகோதரர்கள் இந்நிலையத்தை வாங்கினார்கள். கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டுப் பொருளீட்டிய வெள்ளையர்கள் அவர்கள். ‘நீக்ரோவின் குரல்’ என்று பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகளையே நிலையத்திற்குப் பெயராக வைத்தார்கள். அச்சொல் அன்று வழக்கிலிருந்ததுதான்; நாம் குறை காண்பது சொல்லில் அன்று. குரல் ஒருவருடையது, உரிமம் மற்றொருவருடையது என்னும் நிலை பெயரிலேயே பதிந்துவிட்டது. மேலும், உரிமம் பதிவாகியிருந்த ஊர் சிகாகோவை ஒட்டிய சிசரோ. 1951-இல் ஒரு கறுப்பினக் குடும்பம் அவ்வூரில் குடியேற வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு கலகம் விளைவித்தனர். அதனை அடக்கத் தேசியக் காவல்படை வரவேண்டியதாயிற்று. கறுப்பின மனிதர் குடியிருக்க முடியாத ஊரின் பெயரில் கறுப்பின மக்களின் குரல் உரிமம் பெற்றிருந்தது.

இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு, இரவு ஏறஏற ஒலி கடல் கடந்து தெளிந்து வரும் என்பது அனுபவம். சிகாகோவின் 1450 கிலோஹெர்ட்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அமெரிக்க முழுவதும் சிறு நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆறு அலைவரிசைகளுள் அது ஒன்று. பகலில் 1,000 வாட், இரவில் 250 வாட். இருட்டியதும் அதே அலைவரிசையில் உள்ள நூற்றுக்கணக்கான தொலைதூர நிலையங்களின் ஒலிகள் ஒன்றன்மீதொன்று மோத, சில மைல்களுக்கு அப்பால் எதுவும் விளங்காது. அப்படியிருந்தும் நிலையம் செழித்ததற்குக் காரணம் என்ன? கறுப்பின மக்கள் தாம் விரும்பிய இடத்தில் வீடு பெற முடியாமல் நகரின் தெற்கிலும் மேற்கிலும் நெருக்கியடித்து வாழ வைக்கப்பட்டிருந்தனர். அந்தச் சில மைல்களுக்குள்ளேயே நேயர் கூட்டம் பெரும்பகுதியும் அடங்கிவிட்டது. ஒதுக்கி வைத்த அநீதியே வானொலிக்குச் சபையைக் கூட்டிக் கொடுத்தது. அறிவிப்பாளர்களின் திறமையை வியந்து எழுதுவோர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே கருதுகிறோம்.

பேச்சும் பிற்காலத்து வரவன்று. பத்திரிகையாளராயிருந்த வெஸ்லி சௌத் 1960-களிலேயே இரவு நேரத்தில் ‘ஹாட்லைன்’ என்னும் நிகழ்ச்சியை நடத்தி, நேயர்களைத் தொலைபேசி வழியே பேசச் செய்தார். நிலையம் தொடங்கிய ஆண்டின் அக்டோபர் 22 அன்று, பள்ளிகளில் நிலவிய இனப்பாகுபாட்டை எதிர்த்துச் சிகாகோவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரின் மேற்குப் பகுதி பற்றியெரிந்தபோது, அமைதி காக்குமாறு மன்றாடியவர்களுள் இந்நிலையத்தாரும் இருந்தனர். இத்தகைய வேளைகளில் மக்கள் நிலையத்தை நாடியது பாட்டுக்காக அன்று.

லெனார்ட் செஸ் 1969-இல் இறந்தார். நிலையம் கை மாறியது. புதிய உரிமையாளர்கள் 1975-இல் அதனை 5,000 வாட் ஆற்றலுள்ள 1390-க்கு மாற்றினார்கள். கைவிடப்பட்ட 1450-ஐ, முன்பு அங்கே ஊதியத்துக்குப் பணியாற்றிய வெஸ்லி சௌத்தும் பெர்விஸ் ஸ்பானும் முயன்று பெற்று, 1979-இல் வேறு பெயரில் தொடங்கினார்கள். பழைய பெயர் 1390-இல் இருந்தது. 1983-இல் அதன் அப்போதைய உரிமையாளரான பெருநிறுவனம் அப்பெயர் வேண்டாமென்று கைவிட்டபோது, இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் ‘நீக்ரோ’வைக் குறித்த எழுத்து ‘தேசம்’ என்பதைக் குறிக்கலாயிற்று.

உரிமை கிடைத்தது, முழு நாள் கிடைக்கவில்லை. பல இனத்தார்க்கும் பல மொழியார்க்கும் நேரம் விற்ற மற்றொரு நிலையத்துடன் அதே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. வார நாள்களின் பிற்பகலும் முன்னிரவும் மற்றவர் கையில். (நம் வாசகர்க்கு ஒரு செய்தி: சிகாகோ முஸ்லிம்கள் 2000-களில் நாள்தோறும் நடத்திய ‘ரேடியோ இஸ்லாம்’ என்னும் உரையாடல் நிகழ்ச்சி அந்த முன்னிரவில்தான் ஒலித்தது.) இசை கேட்போர் பண்பலைக்குப் போய்விட்ட காலம் அது. அரைநாளும் மெல்லிய ஒலியும் கொண்ட நிலையம் பாட்டில் போட்டியிட இயலாது. 1986-இல் அது பேச்சுக்கு மாறியது. வறுமையின் முடிவு எனலாம்; ஆயினும் காலம் வாய்ப்பாக இருந்தது. 1983-இல் நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டனை 50 பேர் கொண்ட நகரமன்றத்தில் 29 பேர் எதிர்த்து முடக்கியிருந்தனர். 1986-இன் சிறப்புத் தேர்தல்கள் அந்தப் பெரும்பான்மையை உடைத்தன. பேசுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பேச்சை நாம் முழுவதும் போற்றவில்லை. அறிவிப்பாளரின் நா வன்மையைத் துறைமுகமாகக் கொண்டு வதந்தியும் கரையேறிவிடும். அறிவிப்பவர் தொடரை ஆராய்ந்தே செய்தியை ஏற்கும் கல்வியில் பழகிய நமக்கு, பெயர் தெரியாத நேயர் தொலைபேசியில் சொன்னது அக்கணமே நகரெங்கும் பரவுவது உறுத்துகிறது. இலஞ்ச வழக்கில் சிறை சென்று மீண்ட முன்னாள் நகரமன்ற உறுப்பினர் ஒருவரே பிற்காலத்தில் நெடுநாள் அதன் முன்னணி உரையாளராய் இருந்தார். நம் பழைய ஆசிரியர்கள் அவரது சாட்சியத்தை எளிதில் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனால் நகரமன்றத்தின் உள்ளறைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அவரளவு அறிந்தவரும் அரியர். கேட்டவர்களும் அவரது கடந்த காலத்தை அறிந்தேதான் கேட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க நம்மால் இயலவில்லை.

ஸ்பானின் மகள் மெலடி ஸ்பான்-கூப்பர் 1999-இல் தலைமையேற்றார். 2006-இல் நிலையம் 1690-க்குப் பெயர்ந்தது. பகலில் 10,000 வாட். நாளும் முழு நாள். 1963 முதல் ஏங்கிய வீச்சு கைக்கு வந்தது. ஆனால் அந்த 1690-இன் உரிமம் கிளியர் சேனல் என்னும் பெருநிறுவனத்தின் பெயரில் இருந்தது. ஸ்பான் குடும்பத்தார் அதனைக் குத்தகைக்கு எடுத்தே பேசத் தொடங்கினார்கள்.