ராஜம் கிருஷ்ணனை எங்கிருந்து நினைப்பது?

ராஜம் கிருஷ்ணன் 2014 அக்டோபர் 20 அன்று மறைந்தார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அவருடைய கடைசி ஆண்டுகளுக்கே போய்விடுகிறோம். கணவர் இறந்தது, வீடும் சேமிப்பும் கைவிட்டுப் போனது, முதியோர் இல்லம், பிறகு போரூர் மருத்துவமனை. எல்லாம் உண்மைதான். ஊருக்கெல்லாம் கரிசனம் காட்டியவரைக் கவனிக்க ஆளில்லாமல் போனது நம் சமூகத்தின் வெட்கக்கேடு. ஆனால் அந்தக் கட்டிலருகே நின்று இரங்குவதோடு நிறுத்திக்கொண்டால், எண்பதுக்கு மேற்பட்ட வயதின் துயரம் ஐம்பதாண்டு உழைப்பை மூடிவிடுகிறது. எழுத்தாளர் மறைந்து, ஓர் ஆதரவற்ற மூதாட்டி மட்டும் மிஞ்சுகிறார்.

இறந்துபோன பெண்ணை நினைப்பது எப்படி என்று அவரே காட்டியிருக்கிறார். தஞ்சைப் பகுதியின் விவசாயக் கூலிகளைத் திரட்டிய மணலூர் மணியம்மை 1953இல் இறந்தார். பிராமணக் கைம்பெண்ணான அவர் முடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தவர். கட்சி வரலாறுகளில் அவருக்குக் கிடைத்த இடம் குறைவு. ராஜம் கிருஷ்ணன் அந்த ஊர்களுக்குப் போய், மணியம்மையோடு நின்ற உழைப்பாளிகளைக் கேட்டுக் கேட்டு ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார். ஒருத்தியின் வாழ்வு அவளோடு வேலை செய்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது என்பது அந்நூலின் நம்பிக்கை. அதே அளவுகோலை அவருக்கும் வைப்போம்.

அப்படி வைத்தால் அவரைத் தேட வேண்டிய இடங்களில் ஒன்று எங்கள் கடற்கரை. மீனவர் வாழ்வைச் சொன்ன ‘அலைவாய்க் கரையில்’ நாவலையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைச் சொன்ன ‘கரிப்பு மணிகள்’ நாவலையும் எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் எழுதினார். பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமல் பதினைந்து வயதில் மணமுடிக்கப்பட்ட பெண், அளத்துக்கு நேரில் வந்து, உப்புச் சுமக்கும் பெண்களோடு பேசி எழுதிய கதை அது. பொன்னாச்சி வேலைக்குப் போகும்போது வெயிலோடும் கரிப்போடும் கங்காணியின் பார்வையையும் தாங்க வேண்டியிருக்கிறது. கூலிச் சுரண்டலும் பாலியல் சீண்டலும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள் என்று பெண்ணியக் கோட்பாட்டுச் சொற்கள் நம் வகுப்பறைக்கு வருமுன்பே அந்த நாவல் காட்டிவிட்டது. அவருடைய கரிசனம் தாய்மைக் குணம் அல்ல, ஆராய்ச்சி முறை. போய்ப் பார்ப்பது, உட்கார்ந்து கேட்பது, சரிபார்ப்பது.

இந்நாவலை நான் பாடம் நடத்தியபோது, புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் வரும் ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: “எங்கம்மா இப்படி அழவே மாட்டாக மேடம். அளத்துல கேலி பேசிக்கிட்டேதான் வேல பாப்பாக.” வகுப்பு சிரித்தது. நான் அன்று இரவு நாவலை மறுபடி படித்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. துன்பத்தைக் கேட்ட காது, அந்தப் பெண்களின் குறும்பை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. சில இடங்களில் பாத்திரத்தின் வாயில் ஆசிரியரின் சீர்திருத்தக் குரல் ஏறிக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த நடுத்தர வர்க்கப் பெண்ணின் எல்லை அது.

இதைச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. பரிதாபத்துக்குரியவரோடு யாரும் வாதாடுவதில்லை; எழுத்தாளரோடுதான் வாதாடுவார்கள். அந்த மாணவி அன்று ராஜம் கிருஷ்ணனை எழுத்தாளராக நடத்தினாள். நம் அஞ்சலிக் கூட்டங்கள் செய்யத் தவறியது அது.

முத்துக் குளித்த பெருமையில் ‘முத்துநகர்’ என்று பெயர் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. அவரோ கால் வெடித்த பெண்கள் சுமந்த உப்பைப் பார்த்து ‘மணிகள்’ என்றார். அவருடைய நூல்கள் 2009இல், அவர் உயிரோடிருந்தபோதே நாட்டுடைமையாகிவிட்டன. யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம். இனி செய்ய வேண்டியது, அவற்றை அளத்துப் பெண்களின் மகள்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் கேட்பது.