பிரமிடின் அடித்தளம் ஆவடியில்

மருத்துவ ஆய்விதழ்களில் எந்தக் கட்டுரைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இப்போது ஒரு பிரமிடு படம் வரைகிறார்கள். உச்சியில் பல ஆய்வுகளைத் தொகுக்கும் மெட்டா அனாலிசிஸ். அதற்குக் கீழே மருந்துச் சோதனை. அடியில் கேஸ் ரிப்போர்ட்டும் கடிதமும். மேலே இருப்பதே அறிவு என்று முதுகலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இந்த வரிசை தவறானது. அதை மறுக்க ஆவடி, திருவள்ளூர் தடுப்பூசிச் சோதனைகள் போதும்.

கடிதத்தின் வலிமை புதிதல்ல. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறப்பதை மெக்பிரைடு என்ற மகப்பேறு மருத்துவர் 1961 டிசம்பரில் லான்செட்டுக்குச் சில வரிகளில் எழுதினார். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை 1987இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் அறிவித்தது நான்கே பக்கத்தில். தலையங்கம், கருத்துரை, நூல் மதிப்புரை எல்லாம் இதழுக்குத் தேவைதான். ஆனால் அவை மற்றவர் கண்டதைப் பேசுபவை. கண்டவர் எழுதுவதுதான் இதழின் உயிர்.

அதிலும் தலையாயது நீண்ட கள அறிக்கை. சானடோரியத்தில் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டிய சென்னை ஆய்வு, 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் தொண்ணூறு பக்கத்துக்கு மேல் ஓடியது. மூவாயிரம் சொல் வரம்பு வைத்திருக்கும் இன்றைய இதழில் அது நுழையவே முடியாது.

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர். களப்பணியாளர்கள் காசநோய்த் தோல் சோதனையில் எழும் முன்கைத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தார்கள், மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி சேகரித்தார்கள். இரண்டரை ஆண்டுக்கொருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் அச்சானது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான இந்த முடிவை மறைக்காமல் அச்சேற்றியது பெருமைக்குரிய செயல்.

1994இல் ஜாமா இதழில் வந்த புகழ்பெற்ற மெட்டா அனாலிசிஸ், உலகச் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பி.சி.ஜி. சுமார் 50 விழுக்காடு காக்கும் என்றது. திருவள்ளூர்க்காரருக்கு இந்தச் சராசரியால் என்ன பயன்? நிலநடுக்கோட்டிலிருந்து விலகும் தூரத்தைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்று அதே கட்டுரை சொன்னது. அந்த வேறுபாட்டின் ஒரு முனையில் நிற்பது நம் ஊர்ச் சோதனை. களம் இல்லாமல் தொகுப்பு ஏது?

இன்னும் கவனிக்கப்படாதது ஆவடியின் தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனை. எம்.டி. குப்தே தலைமையில், 1991இலிருந்து, 1,71,400 பேரிடம் நடந்தது. 1998இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் லெப்ரசியில் முடிவு வந்தது: காசநோயிடம் தோற்ற பி.சி.ஜி., தொழுநோயை 34 விழுக்காடு தடுத்தது. கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்தபோது 64. ஒரே மாவட்டம், ஒரே தடுப்பூசி, இரண்டு நோய், இரண்டு விடை! எந்தத் தொகுப்பும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

இந்தத் தொழுநோய்ச் சோதனையை நடத்திய ஆவடிக் களப்பிரிவும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999இல் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆனது. இன்று அது அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறது. 2001 முதல் அங்கே பயிலும் மருத்துவர்கள் மாவட்டங்களுக்குப் போய், காலரா எந்தக் குழாயிலிருந்து பரவியது, தட்டம்மை எந்தத் தெருவில் தொடங்கியது என்று தேடி எழுதுகிறார்கள். இந்த அறிக்கைகளை ‘உள்ளூர் விஷயம்’ என்று ஆசிரியர் குழுக்கள் திருப்பி அனுப்பக் கூடாது. தோற்ற சோதனைக்கும் நீண்ட கள அறிக்கைக்கும் பக்கம் ஒதுக்கட்டும். பதவி உயர்வு விதிகள் அவற்றுக்கு முழு மதிப்பெண் தரட்டும். அடுத்த மெட்டா அனாலிசிஸுக்கு வேண்டிய எண்கள் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.